அவசரப்படாத அடி: தென்னாப்பிரிக்க ஹவுஸ் இசை ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது?

முதல் ஒரு நிமிடம் பெரிதாக எதுவும் நடக்காது. ஷேக்கர் மட்டும் சலசலத்துக்கொண்டிருக்கும், முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி. அப்புறம் பக்கத்து அறையில் யாரோ பியானோ முன்னால் உட்கார்ந்து யோசித்து யோசித்து வாசிப்பதுபோல இரண்டு மூன்று கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள். ஒரு பெண் குரல் முனகும். பாடப்போகிறாள் என்று காத்திருந்தால், பாட மாட்டாள். இரண்டு நிமிடம் தாண்டிய பிறகுதான் அடியிலிருந்து அந்தச் சத்தம் எழும்பும். டிரம்மா, பாஸ் கிட்டாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. குடைந்த மரத்துண்டு ஒன்றைத் தரைக்கு அடியில் உட்கார்ந்து யாரோ தட்டுகிறார்கள் என்றுதான் தோன்றும்.

தென்னாப்பிரிக்க ஹவுஸின் இன்றைய கிளையான அமாபியானோ பாட்டை முதல் தடவை கேட்கிற பலருக்குப் பொறுமை போய்விடும். எனக்கும் போனது. ரீல்ஸில் பதினைந்து விநாடி கேட்டுவிட்டு முழுப் பாட்டைத் தேடினால், ஏழு நிமிடத்துக்கு மேல் நீண்டிருந்தது. சரி, வேலை பார்த்துக்கொண்டே ஓடட்டும் என்று விட்டேன். முடிந்ததும் கை தானாகப் போய் மறுபடி முதலிலிருந்து வைத்தது.

இந்த ஈர்ப்புக்குக் காரணம் கேட்டால், ‘ஆப்பிரிக்கத் தாளம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அது எதையும் விளக்குவதில்லை. ஹவுஸ் என்ற கிளப் நடன இசையின் அடிப்படை உலகம் முழுக்க ஒன்றுதான்: ஒரு சுற்றுக்கு நான்கு அடி, நான்கிலும் கிக் டிரம் என்ற கனத்த முரசின் ஒலி. தென்னாப்பிரிக்கர்கள் செய்தது அதன் வேகத்தைக் குறைத்து நடுவில் இடம் விட்டதுதான். அந்த இடத்தில் சர்ச்சில் பாடிய குரலும், சுரங்கத்துக்குப் போனவனின் ஏக்கமும், ஞாயிற்றுக்கிழமை மதியத்தின் சோம்பலும் வந்து உட்கார்ந்துகொண்டன.

ஹவுஸ் பிறந்தது அமெரிக்காவின் சிகாகோவில். 1977 முதல் ஃப்ராங்கி நக்கிள்ஸ் என்ற டிஜே, வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் இசைத்தட்டுகளை ஒன்றோடு ஒன்று கோர்த்து விடிய விடிய ஓட்டினார். அந்த கிளப்பின் பெயரிலிருந்தே ‘ஹவுஸ்’ என்ற பெயர் வந்தது என்பார்கள். ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இன தன்பாலீர்ப்பாளர்கள். வெளியே எங்கும் இடமில்லாதவர்களுக்கு அது சர்ச் மாதிரி இருந்தது. பாடியவர்களில் பலரும் நிஜமாகவே சர்ச்சில் பாடிப் பழகியவர்கள். இந்த விஷயம் பின்னால் தேவைப்படும்.

1980களின் கடைசியில் அந்தத் தட்டுகள் ஜொஹானஸ்பர்க்கை எட்டின. நாடு அப்போது இனஒதுக்கல் ஆட்சியில் இருந்தது. வெளியுலகம் அதைக் கலாசாரரீதியாகப் புறக்கணித்திருந்தது. ஆனாலும் தட்டுகள் எப்படியோ வந்து சேர்ந்தன. நகரின் ஹில்ப்ரோ பகுதியில், யார் எங்கே வசிக்கலாம் என்ற சட்டத்தைப் பொருட்படுத்தாமல், எல்லா நிறத்தவரும் கலந்து வாழத் தொடங்கியிருந்தார்கள். அங்கே ராஸ்மாடாஸ் என்றொரு கிளப். அதன் வாசலில் ஓர் இளைஞர் பூரவோஸ் விற்றுக்கொண்டிருந்தார். நெருப்பில் சுட்ட நீளமான சாசேஜை ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள், அதுதான் பூரவோஸ். உள்ளேயிருந்து வரும் இசையை வெளியே நின்று கேட்டுக் கேட்டு, ஒருநாள் உள்ளே போய் டிஜே மேசையைப் பிடித்தார். அவர்தான் ஆஸ்கிடோ. பின்னாளில் கலாவா ஜாஸ்மீ என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் தூண்களில் ஒருவரானார். இந்த இசையின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த காட்சி அந்த வாசல்தான். அடுப்புப் புகை ஒரு பக்கம், சிகாகோ மறுபக்கம்.

1990 பிப்ரவரி 11 அன்று மண்டேலா விடுதலையானார். 1994 ஏப்ரலில் எல்லோரும் வாக்களித்த முதல் தேர்தல். இடைப்பட்ட அந்த நான்கு ஆண்டுகளில் டவுன்ஷிப்புகளில், அதாவது நகரங்களின் ஓரத்தில் கறுப்பின மக்களுக்கென்று அரசு ஒதுக்கிய குடியிருப்புகளில், க்வைடோ என்ற இசை உருவாகிக்கொண்டிருந்தது. செய்முறை ரொம்ப எளிது. வெளிநாட்டு ஹவுஸ் தட்டை எடு, வேகத்தைக் குறை. நிமிடத்துக்கு 120 அடிக்கு மேல் ஓடுவதை 100, 110 அளவுக்குக் கொண்டு வா. பாஸைக் கூட்டு. மேலே ஜொஹானஸ்பர்க்கின் சொவேட்டோ டவுன்ஷிப் தெருப்பேச்சில் இரண்டு வரி சொல். அதையே திரும்பத் திரும்பச் சொல்.

ஏன் வேகத்தைக் குறைத்தார்கள்? நடனத்துக்கு என்பது ஒரு பதில். பான்ட்சுலா என்ற டவுன்ஷிப் ஆட்டத்தில் கால் நுணுக்கமாக வேலை செய்ய வேண்டும். அதற்கு அவகாசம் வேண்டும். எனக்கு இன்னொரு காரணமும் தோன்றுகிறது. வேகம் குறைந்தால் பேச்சு உள்ளே வர இடம் கிடைக்கிறது. அதுவரை அரசு வானொலி ஒவ்வொரு மொழிக்காரருக்கும் ஒவ்வொரு நிலையம் வைத்து, ஜூலுவை ஜூலுவோடும் சோத்தோவைச் சோத்தோவோடும் பூட்டி வைத்திருந்தது. டவுன்ஷிப் தெருவிலோ எல்லா மொழியும் கலந்த பேச்சு. க்வைடோ அந்தக் கலவையை அப்படியே பாட்டில் வைத்தது. 1995இல் ஆர்த்தர் மஃபோகாடே, வெள்ளை முதலாளிகள் கறுப்பினத்தவரை அழைக்கும் வசைச்சொல்லையே தலைப்பாக்கி ஒரு பாட்டு வெளியிட்டார். என்னை அப்படிக் கூப்பிடாதே என்பதுதான் மொத்தப் பாட்டும். தேர்தலுக்கு முன்னால் அதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. அதற்கும் ஊரே ஆடியது.

1997இல் ஜொஹானஸ்பர்க்கில் ஒய்எஃப்எம் என்ற இளைஞர் வானொலி தொடங்கியபோது க்வைடோவும் ஹவுஸும் அதன் முதுகெலும்பாயின. பல நாடுகளில் ஹவுஸ் என்றால் நள்ளிரவு கிளப், இருட்டு, பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படும் விஷயம். தென்னாப்பிரிக்காவில் அது பகல் நேர வானொலிக்கு வந்துவிட்டது. பதினாறு இருக்கை மினிபஸ் டாக்சிகளில் வந்தது. ஷிசன்யாமா என்ற, இறைச்சியை வாங்கி அங்கேயே சுட்டுச் சாப்பிடும் கடைகளில் வந்தது. கல்யாணத்தில் மட்டுமல்ல, சாவு வீட்டிலும் வந்தது. அடக்கம் முடிந்து திரும்பிய பின் இறந்தவரின் நண்பர்களும் உறவினர்களும் கூடிக் குடித்து, ஆடி, அவரைப் பற்றிக் கதை பேசுவது டவுன்ஷிப் வழக்கம். ‘ஆஃப்டர் டியர்ஸ்’, கண்ணீருக்குப் பிறகு, என்று அதற்குப் பெயர். அங்கே ஓடுவதும் பெரும்பாலும் ஹவுஸ்தான். அம்மாவும் அத்தையும் மகனும் ஒரே பாட்டுக்கு ஆடுகிற ஊரில் இசை முரட்டுத்தனமாக இருக்க முடியாது. அந்த இசையில் நமக்குக் கேட்கும் கனிவுக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த ஒட்டுதலுக்கு இன்னும் பழைய வேர் ஒன்று உண்டு. 1920, 30களில் ஜொஹானஸ்பர்க்கின் சேரிகளில் மராபி என்ற இசை இருந்தது. கறுப்பின மக்கள் மது விற்கவோ வாங்கவோ சட்டம் தடை போட்டிருந்த காலம். பெண்கள் வீட்டிலேயே பீர் காய்ச்சி விற்ற ஷெபீன் என்ற இடங்களில், பழைய பியானோவோ காலால் மிதிக்கும் ஆர்கனோ கிடக்கும். வாசிப்பவர் மூன்று கார்டுகளை வைத்துக்கொண்டு அதே சுழற்சியை விடிய விடிய வாசிப்பார். தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு ஒருவர் குலுக்குவார். தொடக்கம், முடிவு என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஆட்டம் ஓய்ந்தால் இசை ஓயும். சிகாகோ டிஜே கண்டுபிடிப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, சுற்றிச் சுற்றி வரும் இசைக்கு விடியும்வரை ஆடுவது அங்கே நடந்துகொண்டிருந்தது. ஹவுஸ் தென்னாப்பிரிக்காவுக்கு விருந்தாளியாக வரவில்லை; ரொம்ப நாள் கழித்து ஊர் திரும்பிய சொந்தக்காரர் மாதிரி நேரே அடுக்களைக்குள் போய்விட்டது. இன்றைய அமாபியானோவின் ஷேக்கரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூழாங்கல் டப்பா நினைவுக்கு வந்துவிடுகிறது.

குரலின் கதையும் இதே மாதிரிதான். மிஷன் பள்ளிகளில் மேற்கத்திய ஸ்வரக் குறியீடுகளுக்குப் பதிலாக ‘டோ ரே மி’ எழுத்துகளை வைத்தே நான்கு குரல் சேர்ந்து பாடக் கற்றுக்கொடுத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து அது ஊர் ஊராகப் பரவி, இன்றும் சர்ச், பள்ளி, தொழிற்சங்கம் எங்கும் பாடகர் குழு இருக்கிறது. சுரங்கத் தொழிலாளர் விடுதிகளில் ஆண்கள் மட்டும், காவலாளிக்குக் கேட்காதபடி மெல்லப் பாதம் வைத்துப் பாடியாடிய இசிகதமியா இன்னொரு கிளை. ஆகவே ஒரு டவுன்ஷிப் இளைஞன் மடிக்கணினியில் ட்ராக் போடும்போது, மூன்றாம் குரலை எங்கே வைப்பது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தக் காதோடுதான் வளர்கிறான். சிகாகோவின் ஹவுஸிலும் சர்ச் இருந்தது என்றேன் அல்லவா, இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்ட இடம் இதுதான்.

தென்னாப்பிரிக்க ஹவுஸை உலகம் ஒரு முகமாக அறிந்தது பிளாக் காஃபி மூலம். இயற்பெயர் ந்கோசினாதி மபுமுலோ. 1976இல் டர்பனை ஒட்டிய உம்லாசியில் பிறந்து, கிழக்கு கேப் பகுதியின் ம்தாத்தாவில் வளர்ந்தவர். மண்டேலா விடுதலையை ஒட்டி ஊரே தெருவில் கூடிக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, கூட்டத்துக்குள் ஒரு வண்டி புகுந்தது. பதிமூன்று வயதுப் பையனின் இடது கை செயலிழந்தது. தேசத்தின் மிகப் பெரிய மகிழ்ச்சியும் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய அடியும் ஒன்றாக வந்து சேர்ந்த மனிதர் அவர். இன்றும் ஒற்றைக் கையால்தான் வாசிக்கிறார். இடது கை பெரும்பாலும் பாக்கெட்டில் இருக்கும். இரண்டு ட்ராக்குகளை இணைக்கும்போது ஒரே கை இந்தக் குமிழிலிருந்து அந்தக் குமிழுக்குப் போய்வர வேண்டும். அவருடைய இணைப்புகள் அவசரமில்லாமல் நீளமாகக் கரைவதற்கு அதுதான் காரணம் என்று சொல்லத் தோன்றும். சொல்ல மாட்டேன். அது அவருடைய ரசனை. உடலை வைத்து ரசனைக்குக் கணக்கு எழுதுவது எனக்குப் பிடிக்காது.

அவரைக் கவனிக்க வைத்தது 2005இல் வந்த ஒரு மறுவார்ப்பு. தென்னாப்பிரிக்க ட்ரம்பெட் கலைஞர் ஹ்யூ மசெகேலாவின் ‘ஸ்டிமேலா’வை எடுத்து ஹவுஸாக்கினார். மூலப் பாட்டு 1974இல் வந்தது. ஸ்டிமேலா என்றால் ரயில். அண்டை நாடுகளிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் ஆண்களை ஏற்றிக்கொண்டு ஜொஹானஸ்பர்க் சுரங்கங்களுக்கு வரும் நிலக்கரி ரயில். மசெகேலா அதில் ரயில் கூவுவதையும் நீராவி சீறுவதையும் தன் தொண்டையிலேயே செய்வார். நிலத்துக்கு வெகு ஆழத்தில் கிடக்கும் ஆள், எங்கேயோ விட்டுவந்த குடும்பத்தை நினைக்கிறான். இதைப் போய் ஆட்டப் பாட்டாக மாற்றலாமா என்று கேட்கலாம். கேட்டுப் பார்த்தால் சந்தேகம் போய்விடும். ரயிலுக்கும் ஹவுஸுக்கும் தாளம் ஒன்றுதான். கிக் டிரம் உள்ளே வந்ததும் தண்டவாளம் கேட்கிறது. ஆடுகிறவனும் அந்த ரயிலில்தான் இருக்கிறான். சோகத்தை மறக்க ஆடுவது வேறு, சோகத்தோடு சேர்ந்து ஆடுவது வேறு. இந்த இசையில் இரண்டாவதுதான் நடக்கிறது.

2022இல் பிளாக் காஃபியின் ஆல்பம் நடன இசைப் பிரிவில் கிராமி வாங்கியது. அதே ஆண்டு கனடாவின் ராப் பாடகர் டிரேக் வெளியிட்ட ஹவுஸ் ஆல்பத்திலும் அவர் கை இருந்தது. இசை ஒருவழிப் பாதையாகவும் போகவில்லை. அமெரிக்காவின் ஒசுன்லாடே, இங்கிலாந்தின் அட்ஜாஸ் போன்ற ஹவுஸ் கலைஞர்களைச் சொந்த நாட்டில் ஒரு சிறு வட்டம்தான் கொண்டாடுகிறது. தென்னாப்பிரிக்காவுக்குப் போனால் அவர்களுக்கு ஊர் கூடுகிறது. மெல்லிய, ஜாஸ் கலந்த, பெரிய கிளப்புகளில் எடுபடாது என்று ஒதுக்கப்படும் ‘டீப் ஹவுஸ்’ அங்கே வெகுஜன இசை. குறிப்பாக பிரிட்டோரியா பக்கம்.

டர்பன் வேறு வழியில் போனது. 2010களின் தொடக்கத்தில் அங்கே உருவான கோம் இசையில் கனிவெல்லாம் கிடையாது. நான்கு அடியை உடைத்துப் போட்டு, இருட்டான ஒரு முழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். டிஜே லேக் போன்ற பையன்கள் படுக்கையறைக் கணினியில் செய்து, டாக்சிக்காரர்களிடம் கொடுத்துப் பரப்பியது. எந்த டாக்சியில் புதுப் பாட்டு ஓடுகிறதோ அதில்தான் பிள்ளைகள் ஏறுவார்கள் என்பார்கள். சில ஆண்டுகளில் பியான்சேயின் 2019 ஆல்பம்வரை போய்விட்டது. டர்பன் நமக்கும் தெரிந்த ஊர்தான். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பரில் கரும்புத் தோட்டக் கூலிகளைக் கொண்டு இறக்கியது அங்கேதான். அவர்கள் வழிவந்தவர்களை இனஒதுக்கல் அரசு ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தும், கறுப்பின மக்களுக்கு ஒதுக்கிய உம்லாசியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

இப்போது முதலில் சொன்ன அந்த மரத்துண்டுச் சத்தம். அதற்குப் பெயர் லாக் டிரம். உண்மையில் மரமும் இல்லை, டிரம்மும் இல்லை. எஃப்எல் ஸ்டூடியோ என்ற மென்பொருளில் ஒரு மூலையில் கிடந்த பழைய சிந்தசைசர் ஒலி. 2010களின் நடுவில் ஜொஹானஸ்பர்க், பிரிட்டோரியாவைச் சுற்றிய டவுன்ஷிப்புகளில் டீப் ஹவுஸின் பியானோவையும் க்வைடோவின் நிதானத்தையும் கலந்துகொண்டிருந்த பையன்களில், டிஆர்பி என்றும் அழைக்கப்படும் எம்டியு அதை எடுத்து பாஸாகப் பயன்படுத்தியதாகச் சொல்வார்கள். சாதாரண பாஸ் பின்னால் நின்று தாங்கும். லாக் டிரம் பேசும், கேள்வி கேட்கும், நடுவில் நிறுத்தி யோசிக்கும். அது எப்போது வரும் என்று தெரியாது என்பதுதான் விஷயமே. ஆடுகிறவர்கள் பாதி உடம்போடு காத்திருப்பார்கள். அது விழுந்ததும் தோள் விழும்.

அமாபியானோ என்றால் ஜூலுவில் ‘பியானோக்கள்’ என்று பொருள். நிமிடத்துக்கு 110 சொச்சம் அடிகள். க்வைடோவின் பழைய வேகத்துக்கு மறுபடி வந்துவிட்டார்கள். முதலில் பெரிய நிறுவனங்கள் சீண்டவில்லை. வாட்ஸாப் குழுக்களிலும் இலவசக் கோப்புத் தளங்களிலும் பாட்டு பரவியது. 2019இல் கப்சா டி ஸ்மால், டிஜே மஃபோரிசா என்ற இரண்டு இசையமைப்பாளர்கள் சேர்ந்த பிறகு நாடு முழுக்கப் போனது. இப்போது நைஜீரியப் பாட்டுகளில்கூட லாக் டிரம் கேட்கிறது. 2024 பிப்ரவரியில் கிராமி முதன்முறையாக ஆப்பிரிக்க இசைக்கென்று வைத்த விருதைத் தென்னாப்பிரிக்கப் பாடகி டைலா ‘வாட்டர்’ பாட்டுக்காக வாங்கினார். அந்தப் பாட்டுக்கு அடியில் ஓடியதும் இதுதான்.

கோவிட் முடக்கக் காலத்தின் ‘ஜெருசலேமா’வைச் சொல்லாமல் போக முடியாது. லிம்போபோ மாகாணத்தின் மாஸ்டர் கேஜி இசையமைத்து, நொம்செபோ சிகோடே ஜூலுவில் பாடியது. சாராம்சத்தில் ஒரு ஜெபம்: ஜெருசலேம்தான் என் வீடு, என்னைக் காப்பாற்று, இங்கே விட்டுவிடாதே. அங்கோலாவில் ஒரு நடனக் குழு முற்றத்தில் நின்று, சாப்பாட்டுத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டபடியே அதற்கு ஆடிப் படம் போட்டது. அப்புறம் மருத்துவமனைச் செவிலியர், கன்னியாஸ்திரிகள், விமானப் பணியாளர்கள் என்று உலகமே அதே காலடியை வைத்தது. 2020 செப்டம்பர் 24, பாரம்பரிய நாளன்று எல்லோரும் இதற்கு ஆடுங்கள் என்று நாட்டின் அதிபரே கேட்டுக்கொண்டார். வார்த்தை புரியாதவர்களுக்கும் அது வேண்டுதல் என்று புரிந்துவிட்டது. சாவு எண்ணிக்கையைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்த உலகத்துக்கு சோகத்தோடு சேர்ந்து ஆடும் அந்த நாட்டின் பழைய பழக்கம் தேவைப்பட்டது.

இந்தப் புகழில் எனக்கு உறுத்தும் ஒன்றும் உண்டு. கடற்கரை விடுதிகளில் இன்று ‘ஆஃப்ரோ ஹவுஸ்’ என்ற பெயரில் ஓடுவதில் பாதி, யாரோ எங்கோ பாடிய இரண்டு ஆப்பிரிக்கச் சொற்களை வெட்டி ஒட்டியது. பாடியது யார், என்ன மொழி, என்ன அர்த்தம் என்று செய்தவருக்கே அக்கறை இருக்காது. மேலே முழக்கம், கீழே காலி. இடம் விடுவதற்கும் காலியாக இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. கப்சாவின் ஒரு ட்ராக்கையும் இதையும் அடுத்தடுத்து ஓடவிட்டால் தெரியும்.

தென்னாப்பிரிக்காவிலோ அடுத்தது வந்துவிட்டது. தாக்சின் என்ற இளைஞர் முன்னெடுத்த ‘த்ரீ ஸ்டெப்’. பெயருக்கேற்றபடி, ஒரு சுற்றுக்கு நான்கு கிக் விழ வேண்டிய இடத்தில் மூன்றுதான் விழும். வேகத்தைக் குறைத்தவர்கள் இப்போது அடியையே ஒன்று எடுத்துவிட்டார்கள். முதலில் கேட்கும்போது ஏதோ இடறுவது மாதிரி இருக்கும். நான்காவது, ஐந்தாவது சுற்றில் பார்த்தால், விடுபட்ட அந்த அடியை மேசைக்கு அடியில் நம் பாதம் தட்டிக்கொண்டிருக்கிறது.